‘ஆள்’ என்னும் வினைச்சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்சி, ஆளுநர், ஆண்டவன், முதலாளி, நோயாளி, ஆளுமை, சொல்லாட்சி. இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ‘ஆள்’ என்ற இரண்டெழுத்து வினை. அதைப் பற்றித் தமிழ் ஆர்வலர்களும் மாணவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே. சில பதில்கள் நீளம், சில ஒரு வரியோடு முடிந்துவிடும்.

‘ஆள்’ என்றால் ஆட்சி செய்வது மட்டும்தானா?

இல்லை. இன்றைக்கு அந்தப் பொருள் முன்னால் வந்து நிற்கிறது, அவ்வளவுதான். பழைய நூல்களில் இந்த வினை இன்னும் அகலமானது. ஒன்றைத் தன் வசம் வைத்திருப்பது, அதைப் பேணுவது, வேண்டும்போது எடுத்துப் பயன்படுத்துவது என எல்லாவற்றையும் சேர்த்தே சொல்லும். நாட்டை அப்படி வைத்து நடத்தினால் அரசாட்சி. சொல்லை அப்படி நடத்தினால் சொல்லாட்சி. பிறர் சொன்னதை நம் எழுத்தில் கொண்டுவந்து வைத்தால் எடுத்தாளுதல். ஒரு சிக்கலை நடத்திக் கொண்டுபோனால் கையாளுதல்.

சங்கப் பாடல்களில் நாடாளும் பொருளும் தெளிவாகவே இருக்கிறது. புறநானூறு 357ஆம் பாட்டு, மூவேந்தருக்கும் பொதுவான உலகத்தைப் பங்கு கொடுக்காமல் தாமே ஆண்டவர்களை ‘பொதுமை இன்றி ஆண்டிசினோர்’ என்கிறது. அவர்களுக்கும் ஆயுள் முடிந்துதான் போனது என்று சொல்வதற்காக! ஆக, அதிகாரம் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டியது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் அது ஒன்றுதான் பொருள் என்று எடுத்துக்கொண்டால் பாதித் தமிழ் புரியாமல் போய்விடும்.

திருக்குறளில் எந்தப் பொருளில் வருகிறது?

இந்தச் சொல்லைப் படிக்கக் குறளைவிட நல்ல இடம் கிடையாது. அரசனைப் பற்றி ஒரு பெரும் பகுதியே எழுதிய வள்ளுவர், ‘ஆள்’ என்ற வினையை அரசனுக்கு வெளியேதான் சுவையாகப் பயன்படுத்துகிறார்.

242ஆம் குறள்: ‘நல்லாற்றான் நாடி அருளாள்க’. அருளை ஆள வேண்டுமாம். அருள்மேல் அதிகாரம் செலுத்துவது எப்படி? இங்கே ஆள்வது என்பது அருளைத் தன்னிடம் கொண்டு அதன்படி நடப்பது. 1017இல் ‘நாணாள்பவர்’ வருகிறார். உயிருக்காக நாணத்தை விடமாட்டார், நாணத்துக்காக உயிரையும் விடுவார். நாணம் அவருக்கு அடங்கி நிற்கிறது என்பதல்ல பொருள். சொல்லப்போனால் அவர்தான் நாணத்துக்கு அடங்கி நிற்கிறார்.

447 இன்னும் நல்ல உதாரணம். ‘இடிக்கும் துணையாரை ஆள்வாரை யாரே கெடுக்கும் தகைமை யவர்’. தப்புச் செய்தால் முகத்துக்கு நேரே இடித்துச் சொல்லும் பெரியவர்களை ஆள்கிறவனை யாரால் கெடுக்க முடியும் என்பது கேள்வி. தன்னையே கண்டிக்கும் ஒருவரை ‘அடக்கி ஆள’ முடியாது. அவரைத் துணையாகக் கூடவே வைத்துக்கொண்டு, அவர் சொல்லைக் கேட்டு நடக்கத்தான் முடியும். ‘ஆள்’ என்பதற்கு ‘அதிகாரம் செய்’ என்று மட்டும் பொருள் வைத்துக்கொண்டால் இந்தக் குறள் தலைகீழாகிவிடும்.

அப்புறம் 252: ‘பொருளாட்சி போற்றாதார்க்கு இல்லை’. பொருளாட்சி என்றதும் இன்று நிதியமைச்சகம் ஞாபகத்துக்கு வரலாம். குறளில் அது பொருளை வைத்துப் பயன் கொள்வது. காப்பாற்றத் தெரியாதவனுக்கு அந்தப் பயன் இல்லை என்கிறது. 62ஆம் அதிகாரத்தின் பெயரே ‘ஆள்வினையுடைமை’. ஆள்வினை என்றால் முயற்சி. எடுத்த காரியத்தை விடாமல் நடத்துவது.

கிரயப் பத்திரத்தில் ‘ஆண்டு அனுபவித்து’ என்று எழுதுகிறார்களே, அது எந்த ஆண்டு?

இதே வினைதான். ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தான விநியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது’ என்று பத்திர எழுத்தர்கள் மூச்சு விடாமல் எழுதும் வாக்கியம் பலருக்கும் தெரிந்ததுதான். அரை கிரவுண்டு மனை வாங்கியவரையும் அந்த வாக்கியம் ஆளச் சொல்கிறது. வசத்தில் வைத்துப் பயன்படுத்து என்ற பழைய பொருள் உயிரோடு இருக்கும் இடம் சார்பதிவாளர் அலுவலகம்.

சட்டத்தோடு இந்தச் சொல்லுக்கு உள்ள உறவு மிகப் பழையது. பெரியபுராணத்தில், சுந்தரர் தன் அடிமை என்று ஒரு முதியவர் தொடுத்த வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்கு வருகிறது. சபையார் வழக்காடும் முதியவரைப் பார்த்து, ‘ஆட்சியில், ஆவணத்தில், அன்றி மற்று அயலார் தங்கள் காட்சியில்’ இந்த மூன்றில் ஒன்றைக் காட்டு என்கிறார்கள். ஆவணம் என்பது எழுத்து. அயலார் காட்சி என்பது சாட்சி. அப்படியானால் ஆட்சி? இந்தச் சொத்து, இந்த உரிமை, இத்தனை காலமாக இவர் வசத்தில் இருந்து வருகிறது என்ற நடைமுறை. எழுத்தில் இல்லாவிட்டாலும் அனுபவத்தில் இருப்பது. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய இந்த வரி இன்றைய உரிமையியல் வழக்கு எதிலும் பொருந்தும்.

‘ஆள்’ என்றால் மனிதன், வேலைக்காரன் என்றும் பொருள் இருக்கிறதே. ஆள்கிறவனும் ஆள், ஆளப்படுகிறவனும் ஆளா?

இந்தக் கேள்விதான் எல்லோரையும் மடக்கும். ‘நாலு ஆள் அனுப்பு’, ‘ஆள் பாதி ஆடை பாதி’, ‘அவர் பெரிய ஆள்’, ‘நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை’ என்று நாள் முழுக்கப் பேசுகிறோம். பேச்சில் ‘என் ஆளு’ என்றால் காதலன் அல்லது காதலி. இவை பெயர்ச்சொல். ஆட்சி செய்யும் ‘ஆள்’ வினைச்சொல். உருவம் ஒன்று, ஆனால் வேரும் ஒன்றா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி இரண்டையும் தனித்தனிப் பதிவுகளாக வைக்கிறது. அதற்கான காரணம் அடுத்த கேள்வியில் வருகிறது.

வேர் எதுவானாலும் தமிழ் இலக்கியம் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளையாடியிருக்கிறது. மேலே சொன்ன சுந்தரர் வழக்கையே எடுத்துக்கொள்ளலாம். புத்தூரில் கல்யாண மேடையில் இருக்கும் சுந்தரரிடம் ஒரு முதியவர் வந்து, ‘உன் பாட்டன் எனக்கு எழுதிக் கொடுத்த அடிமை ஓலை இருக்கிறது, நீ எனக்கு அடிமை’ என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். கிழிந்தது படியோலைதான், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்று முதியவர் வழக்கை வெண்ணெய்நல்லூருக்குக் கொண்டுபோகிறார். சபையார் பாட்டனாரின் பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒத்துப் போகிறது. சுந்தரர் தோற்கிறார். முதியவர் சிவபெருமான் என்று தெரிந்ததும் அவர் பாடிய முதல் பாட்டு ‘பித்தா பிறைசூடி’.

அந்தப் பாட்டை இப்போது இந்தச் சொல்லுக்காக ஒரு முறை படித்துப் பாருங்கள். முதல் அடியில் சிவனை ‘அருளாளா’ என்று கூப்பிடுகிறார். கடைசி அடியில் ‘அத்தா உனக்கு ஆளாய் இனி அல்லேன் எனலாமே’ என்கிறார். அருளாளன் அருளை ஆள்கிறவன். தான் அவனுக்கு ஆள், அதாவது அடிமை. உன் ஆளாக ஆனபின் இல்லை என்று இனி எப்படிச் சொல்வேன் என்பது பொருள். வழக்கில் தோற்றவர் தீர்ப்பை ஒத்துக்கொள்ளும் பாட்டு அது. இந்தக் கதை வரும் பகுதிக்கே ‘தடுத்தாட்கொண்ட புராணம்’ என்று பெயர். ஆட்கொள்வது என்றால் ஆளாக ஏற்றுக்கொள்வது.

பக்தியில் இனிக்கும் இந்தச் சொல் வயலில் அப்படி இனிக்கவில்லை. தஞ்சை மாவட்டத்தில் நிலக்காரரைப் பண்ணையில் உழைத்தவர்கள் ‘ஆண்டே’ என்று கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிட்டவருக்குப் பெயர் பண்ணையாள். ஒருவர் ஆண்டை, இன்னொருவர் ஆள். 1952இல் வந்த தஞ்சாவூர்ச் சட்டம், சாகுபடிதாரரோடு பண்ணையாளையும் தன் பெயரிலேயே சேர்த்துக்கொண்டு அவர்களுக்குப் பாதுகாப்புத் தந்தது.

இந்த வினையின் வேர் என்ன? சமஸ்கிருதத்திலிருந்து வந்ததா?

இல்லை, இது திராவிடச் சொல். மலையாளத்தில் ஆளுக, கன்னடத்தில் ஆளு, துளுவில் ஆளுனி. தெலுங்கில் மட்டும் ‘ஏலு’. ஏலிக என்றால் ஆள்பவர், ஏலுபடி என்றால் ஆட்சி.

தெலுங்கு ஏன் ‘ஏ’ என்று போகிறது என்பதில்தான் சுவை இருக்கிறது. தமிழில் ஆறு என்பது தெலுங்கில் ஏறு. ஆனை ஏனுகு. ஆண்டு ஏடு. இந்த மூன்றுக்கும் பழந்தமிழ் வடிவம் என்ன? யாறு, யானை, யாண்டு. முதலில் ‘யா’ இருந்த இடங்களில் பிற்காலத் தமிழ் யகரத்தை உதிர்த்து ‘ஆ’ ஆக்கிக்கொண்டது, தெலுங்கு ‘ஏ’ ஆக்கிக்கொண்டது. இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால், ஆள் – ஏலு என்ற ஜோடிக்கும் பின்னால் ‘யாள்’ போன்ற ஒரு மூல வடிவம் இருந்திருக்க வேண்டும் என்று மொழியியலார் கொள்கிறார்கள். தமிழ் நூல் எதிலும் ‘யாள்’ என்று நமக்குக் கிடைக்கவில்லை. பக்கத்து மொழியை வைத்துத்தான் அதை ஊகிக்கிறோம். மனிதனைக் குறிக்கும் ‘ஆள்’ என்பதற்கு இப்படி ஒரு யகரத் தடயம் இல்லை. அகராதி இரண்டையும் பிரித்து வைக்கக் காரணம் இதுதான்.

மலையாளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே அரசாட்சிக்கு ‘வாழுக’ என்ற வினையும் உண்டு. நாட்டை ஆண்ட சிற்றரசன் அங்கே ‘நாடுவாழி’. நாம் நாட்டை ஆள்கிறோம், அவர்கள் நாட்டில் வாழ்கிறார்கள். அவர்கள் சொல்லில் கொஞ்சம் சுகம் அதிகம் என்று எனக்குத் தோன்றும்.

அரசன் ஆண்டதால்தான் வருடத்துக்கு ‘ஆண்டு’ என்று பெயர் வந்ததா?

வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் விளக்கம் இது. தப்பு. வருடத்தைக் குறிக்கும் சொல்லின் பழைய வடிவம் யாண்டு. ‘யாண்டு பலவாக நரையில ஆகுதல்’ என்று பிசிராந்தையார் பாடியது புறநானூற்றில் 191ஆம் பாட்டு. வயதாகியும் தலை நரைக்கவில்லையே என்று கேட்டவர்களுக்குச் சொன்ன பதில் அது. அங்கே அரசன் ஆண்ட கணக்கு எதுவும் இல்லை.

இந்தக் குழப்பத்துக்குக் கல்வெட்டுகளும் ஒரு காரணமாக இருக்கலாம். சோழர் கல்வெட்டுகள் ‘கோப்பரகேசரி பன்மர்க்கு யாண்டு’ இத்தனையாவது என்று அரசன் பட்டத்துக்கு வந்த வருடத்திலிருந்து எண்ணித்தான் தொடங்கும். ஆட்சிக்கும் ஆண்டுக்கும் உறவு இருப்பது போலத் தெரிவது அதனால்தான். ஆனால் கல்வெட்டிலேயே எழுத்து ‘யாண்டு’ என்றுதானே இருக்கிறது. ஆண்டான் என்பதை யாண்டான் என்று யாரும் வெட்டி வைக்கவில்லை. அங்கே, இங்கே என்ற பொருளில் வரும் ஆண்டு, ஈண்டு வேறொரு சொல். அது சுட்டு.

‘ஆள்’ எப்படி ‘ஆண்டான்’ ஆகிறது? ‘ஆட்சி’யில் ‘ட்’ எங்கிருந்து வருகிறது?

ளகரமும் இறந்தகாலத் தகரமும் சேர்ந்து ‘ண்ட்’ ஆகின்றன. மீள் – மீண்டான், மாள் – மாண்டான், நீள் – நீண்டது, கொள் – கொண்டான் எல்லாம் இதே வழி. கேள் மட்டும் கேட்டான் என்று போவதால் ஆட்டான் என்று சொல்லிப் பார்க்கும் குழந்தைகள் உண்டு. அது வேறு வகை வினை.

ஆட்சி என்பதும் அப்படித்தான். மீள் – மீட்சி, நீள் – நீட்சி, ஆள் – ஆட்சி. நிகழ்காலத்தில் ஆள்கிறார், ஆளுகிறார் இரண்டும் சரி. ‘ஆட்சி ஆள்கிறார்’ என்பது மட்டும் கூடாது, ஒன்றையே இரண்டு முறை சொல்வதாகிவிடும். ஆட்சி செய்கிறார், ஆட்சி நடத்துகிறார், ஆட்சி புரிகிறார் என்று எது வேண்டுமானாலும் எழுதலாம்.

ஆள்கிறவன் என்பதால்தான் ‘ஆண்’ என்று பெயர் வந்ததா? ‘ஆண்மை’ என்றால் ஆட்சிதானா?

முதல் கேள்விக்குப் பதில்: அப்படி விளக்குகிறவர்கள் உண்டு, எனக்கு உடன்பாடு இல்லை. ஆண் என்பது திராவிட மொழிகளில் தனியாகவே இருக்கும் ஒரு சொல். ஆணாதிக்கத்துக்கு இலக்கணத்திலேயே சான்று கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சி அந்த விளக்கத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது.

இரண்டாவது கேள்வி இன்னும் சுவாரசியமானது. ஆண் + மை = ஆண்மை. ஆள் + மை என்றாலும் ஆண்மைதான், ஏனென்றால் மகரத்துக்கு முன்னால் ளகரம் ணகரமாகும். ஆக ஒரே எழுத்தில் இரண்டு சொற்கள். 148ஆம் குறளில் ‘பிறன்மனை நோக்காத பேராண்மை’ என்பதை வீரம் சார்ந்த ஆண்மையாகவே எல்லோரும் படிக்கிறார்கள். 1026க்கு வாருங்கள்: ‘நல்லாண்மை என்பது ஒருவற்குத் தான்பிறந்த இல்லாண்மை ஆக்கிக் கொளல்’. இல்லாண்மையில் ஆண்பிள்ளைத்தனம் எதுவும் இல்லை. அது பிறந்த குடியை ஆளும் தன்மை, குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பு. 613இல் வரும் தாளாண்மையும் அப்படியே. முயற்சியைக் கைவிடாமல் நடத்துவது. வேளாண்மை என்பது குறளில் பிறருக்கு உதவுவது, இன்று விவசாயம்.

கவிஞர்களுக்கு இந்த இரட்டை வசதியாக இருந்திருக்கிறது. நமக்கு உரை எழுதும்போதுதான் தலைவலி.

இல்லாள் என்றால் இல்லத்தை ஆள்பவள் என்று சொல்லலாமா?

மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். இலக்கணப்படி ‘ஆள்’ அங்கே பெண்பால் விகுதி. மனையாள், மகிழ்ந்தாள் என்பவற்றில் வருவது போல. இல்லான் என்றால் வீட்டை ஆள்பவன் என்று யாரும் சொல்வதில்லை என்பதையும் கவனியுங்கள். அது ஒன்றும் இல்லாதவன்! இல்லத்தைப் பெண்கள் ஆள்கிறார்களா என்பதை விகுதியை வைத்து முடிவு செய்ய வேண்டியதில்லை.

நோயாளி நோயை ஆள்கிறாரா?

ஆள் என்பதற்கு ‘தன்னிடம் உடைமையாகக் கொள்’ என்ற பொருள் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். முதலாளி முதலை உடையவர், தொழிலாளி தொழிலை உடையவர், பங்காளி பங்கு உடையவர், அறிவாளி அறிவு உடையவர். அந்த வரிசையில் நோயாளி நோய் உடையவர், கடனாளி கடன் உடையவர். நடைமுறையில் கடன்தான் அவரை ஆள்கிறது என்பது வேறு விஷயம்.

எழுத்தாளர், பேச்சாளர், வாக்காளர், பொருளாளர், மேலாளர் ஆகியவற்றில் வரும் ‘ஆளர்’ இதன் உறவுதான். உடைமையும் அதிகாரமும் ஒரே சொல்லில் கலப்பது தமிழில் புதிதல்ல. சோழர் கல்வெட்டில் அரசனும் ‘உடையார்’, கோயில் கொண்ட இறைவனும் ‘உடையார்’.

ஆண்டவன் என்பது இறந்தகாலம் ஆயிற்றே. கடவுள் இப்போது ஆளவில்லையா?

உயர்ந்த மலை என்றால் முன்பு உயர்ந்து இப்போது தாழ்ந்துவிட்ட மலை என்று நாம் எடுத்துக்கொள்வதில்லை. சிறந்தவர், மூத்தவர், நிறைந்தவர் எல்லாம் இறந்தகால வடிவில் இருந்தாலும் இன்றும் தொடரும் நிலையைச் சொல்கின்றன. ஆண்டவன் அந்த வகை.

இந்தச் சொல்லுக்கு மதம் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். பழனி ஆண்டவர் உண்டு, நாகூர் ஆண்டவர் உண்டு, ‘ஆண்டவராகிய இயேசு’ உண்டு. ‘அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்’ என்று சொல்லும்போது யாருடைய ஆண்டவன் என்று யாரும் கேட்பதில்லை.

ஆண்டாள், ஆழ்வார் இரண்டும் இதே வேரா?

ஆண்டாள் சந்தேகமில்லாமல் இதே வேர். ஆண்டான் என்பதன் பெண்பால். அவர் தம் பாட்டுகளில் தம்மைக் கோதை என்றுதான் சொல்லிக்கொள்கிறார். திருப்பாவையின் கடைசிப் பாட்டில் ‘பட்டர்பிரான் கோதை சொன்ன’ என்று வருவது தெரிந்ததே. ஆண்டாள் என்பது பக்தர்கள் இட்ட பெயர்.

ஆழ்வார் விஷயத்தில்தான் விவாதம். இறைவனிடம் ஆழ்ந்தவர்கள் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த விளக்கம். ஆனால் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜனின் அக்காள் பெயர் ‘ஆழ்வார் பராந்தகன் குந்தவையார்’ என்று வருகிறது. அரசகுலப் பெண்ணுக்கு இட்ட மரியாதைப் பட்டம் அது. அங்கே ஆழ்ந்துபோவதற்கு என்ன வேலை? ஆள்வார் என்பதே மூல வடிவம், ள – ழ மயக்கத்தில் ஆழ்வார் என்று எழுதத் தொடங்கி, எழுத்துக்கு ஏற்ற விளக்கம் பின்னால் பிறந்தது என்று எஸ். பழனியப்பன் என்ற ஆய்வாளர் வாதிட்டிருக்கிறார். கல்வெட்டுச் சான்றுகளைப் பார்க்கும்போது அவர் பக்கம் வலுவாகத் தெரிகிறது. ஆழ்ந்தவர்கள் என்ற விளக்கத்தில் இருக்கும் அழகு அதனால் குறையப் போவதில்லை. சமயத்தில் அது வாழும் விளக்கம், சொற்பிறப்பில் ஐயத்துக்கு உரிய விளக்கம்.

அரசு, ஆட்சி இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

அரசு நிலையானது, ஆட்சி மாறுவது. தேர்தல் முடிந்ததும் ‘ஆட்சி மாறிவிட்டது’ என்கிறோம், அரசு மாறிவிட்டது என்று அந்தப் பொருளில் சொல்வதில்லை. அரசு ஊழியர் உண்டு, ஆட்சி ஊழியர் இல்லை. ‘ராமன் ஆண்டாலும் ராவணன் ஆண்டாலும் எனக்கென்ன’ என்று சலித்துக்கொள்பவர் பேசுவது ஆட்சியைப் பற்றி.

மக்களாட்சி, முடியாட்சி என்பவை ஆளும் முறையைச் சொல்லும். குடியரசு அமைப்பைச் சொல்லும். உள்ளாட்சி, தன்னாட்சி, சுயாட்சி என்று இந்த வரிசை நீளும். கல்லூரிக்குத் தன்னாட்சி, மாநிலத்துக்குச் சுயாட்சி என்று வழக்கு பிரிந்துவிட்டது. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். தமிழை ஆட்சிமொழி ஆக்கிய சட்டம் வந்தது 1956இல். இலங்கையில் அதையே அரசகரும மொழி என்பார்கள்.

ஆளுநர் ஆள்வதில்லையே, பிறகு ஏன் அந்தப் பெயர்?

கவர்னருக்குத் தமிழ் தேடியபோது கிடைத்த நேரான சொல். இந்திய அரசமைப்பின் 163ஆவது பிரிவுப்படி, சில விலக்குகள் தவிர, அவர் அமைச்சரவையின் உதவியோடும் ஆலோசனைப்படியும் நடக்க வேண்டும். பெயரில் இருக்கும் அளவுக்கு அதிகாரம் பதவியில் உண்டா என்ற சண்டை தமிழ்நாட்டில் பழையது, அதை இந்தப் பக்கத்தில் தீர்க்க முடியாது.

மாவட்ட ஆட்சியர் கதை இதற்கு எதிர். கலெக்டர் என்றால் வசூலிக்கிறவர். கிழக்கிந்தியக் கும்பினி காலத்தில் நிலவரி வசூல்தான் அவருடைய தலையாய வேலை. தமிழில் பெயர் வைக்கும்போது வசூல் போய் ஆட்சி வந்துவிட்டது. கிராமத்தில் மனு கொடுக்கப் போகிறவர் இன்னும் ‘கலெக்டர் ஐயா’ என்றுதான் சொல்கிறார்.

நாடாளுமன்றமா, பாராளுமன்றமா?

தமிழ்நாட்டில் இப்போது நாடாளுமன்றம், இலங்கையில் பாராளுமன்றம். இரண்டும் அந்தந்த இடத்தில் சரி. பாராளுமன்றம் கொஞ்சம் குறும்பான ஆக்கம்: பார்லிமெண்ட் என்ற ஓசையையும் காப்பாற்றி, பார் + ஆளும் + மன்றம் என்று பொருளும் சொல்லிவிடுகிறது. பார் என்றால் உலகம் ஆயிற்றே, ஒரு நாட்டு மன்றம் உலகத்தை எப்படி ஆளும் என்று கேட்டவர்கள் நாடாளுமன்றத்துக்கு மாறினார்கள். ஓசைக்காகப் பார்த்தால் எனக்குப் பழையதுதான் பிடிக்கும்.

ஆளுமை என்ற சொல்லை எல்லா இடத்திலும் போடுகிறார்களே?

ஆமாம், கொஞ்சம் அதிகமாகவே. ஒருவருடைய குணநலன்களின் மொத்தம் என்ற பொருளில் வந்த சொல், இப்போது பிரபலமான எவரையும் ‘ஆளுமை’ என்று சொல்லும் இடத்துக்கு வந்திருக்கிறது. ‘இலக்கிய ஆளுமைகள் கலந்துகொண்டனர்’ என்ற அழைப்பிதழ் வாக்கியத்தில் எழுத்தாளர்கள் என்றே போடலாம். அரசு நிர்வாகப் பக்கத்தில் மின் ஆளுமை என்று வருவது வேறு பொருள். அங்கே ஆளும் செயல். ஆளுகை என்று சொன்னால் குழப்பம் குறையும்.

கையாளுதல், கையாடல் இரண்டும் ஒன்றா?

இல்லவே இல்லை. கையாளுதல் ஒரு விஷயத்தை நடத்துவது. கையாடல் பணத்தைச் சுருட்டுவது. பின்னது ‘ஆடு’ என்ற வினையில் பிறந்தது. ‘நிதியைத் திறமையாகக் கையாண்டார்’ என்பது பாராட்டு, அதுவே ‘கையாடினார்’ என்றால் வழக்கு. கையாள் என்று பெயர்ச்சொல்லாக வந்தால் அடியாள், எடுபிடி. அதில் இருப்பது மனிதனைக் குறிக்கும் ஆள்.

வீட்டில் ஒருவர் மற்றவரை ஆட்டிப் படைப்பதும் ‘ஆள்’ தானா?

அதுவும் ‘ஆடு’ என்பதிலிருந்து வந்தது. ஆடு – ஆட்டு. பேச்சுத் தமிழில் ‘ஆள்’ என்ற வினை வீட்டுக்குள் அதிகம் வருவதில்லை. ‘அதிகாரம் பண்ணாதே’, ‘நாட்டாமை பண்ணாதே’, ‘ரொம்ப ஆட்டி வைக்கிறான்’ என்றுதான் சொல்கிறோம். ஆளுவது என்ற சொல்லில் பேணுவதும் கலந்திருப்பதால், திட்டுவதற்கு அது அவ்வளவாக உதவாது போலிருக்கிறது.

கோலோச்சுதல் என்பதும் ஆளுவதுதானா?

ஆமாம். கோலை ஓச்சுவது, அதாவது செங்கோலை உயர்த்திச் செலுத்துவது. 544ஆம் குறளில் ‘குடிதழீஇக் கோலோச்சும் மாநில மன்னன்’ என்று வரும், குடிகளை அணைத்துக்கொண்டு ஆளும் மன்னன். இப்போது அந்தச் சொல்லுக்கு வேலை கொடுப்பவை விளையாட்டுப் பக்கங்களும் சினிமாப் பக்கங்களும்தான்: ‘சுழற்பந்து வீச்சில் கோலோச்சினார்’.

ஆளுநரா, ஆளுனரா? எது சரி?

ஆளுநர். ஓட்டுநர், இயக்குநர், பெறுநர், அனுப்புநர் எல்லாவற்றிலும் வருவது ‘நர்’ விகுதி. ‘னர்’ போடுவது பரவலாக இருந்தாலும் பிழைதான். பலகையில் எழுதி ஆணி அடித்துவிட்டார்கள் என்றால் விட்டுவிடுங்கள், விண்ணப்பத்தில் மட்டும் சரியாக எழுதுங்கள்.